தியானம் பழக வீடா, சயாமியக் கோயிலா, பினாங்கா, கம்பாங்கா?

போன மாதம் ஒரே வாரத்தில் இரண்டு பேர் என்னிடம் ஒரே கேள்வியோடு வந்தார்கள். ஒருவர் சுங்கைப்பட்டாணித் தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை பார்க்கும் தம்பி. "அக்கா, லீவு போட்டுட்டு பத்து நாள் விபஸ்ஸனா போய் உட்கார்ந்துட்டு வரலாம்னு இருக்கேன், போகலாமா?" என்றார். இன்னொருவர் எங்கள் தாமானில் நாலு வீடு தள்ளி இருக்கும் அம்மா. ரப்பர் தோட்டத்தில் முப்பது வருடம் பால்மரம் வெட்டியவர். கணவர் தவறிய பிறகு இரவில் தூக்கமில்லை. "மூச்சைப் பார்க்கிறதுன்னு சொல்றாங்களே பிள்ளை, அதை வீட்டுலயே செய்யலாமா?" என்றார்.

இரண்டு பேருக்கும் ஒரே பதிலைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கெடாவில் எங்கள் பீடோங் மாதிரி ஒரு தோட்டப் பட்டணத்தில் இருந்துகொண்டு புத்தர் சொன்ன தியானத்தைப் பழக நினைக்கும் தமிழர்களுக்கு நான்கு வழிகள் இருக்கின்றன: வீட்டில் தனியாக உட்காருவது, பக்கத்துச் சயாமியக் கோயிலுக்கு வாராவாரம் போவது, பினாங்கில் மஹாசி முறையில் சில நாள் தங்கிப் பழகுவது, பகாங்கில் கம்பாங்கில் இருக்கும் தம்ம மலாயா மையத்தில் பத்து நாள் விபஸ்ஸனா என்னும் மௌனத் தியான முகாம் எடுப்பது. நான்கையும் நான் செய்திருக்கிறேன். வரிசை மாறிச் செய்ததால் சில வருடங்கள் வீணாகப் போனதும் உண்டு. அதனால்தான் இதை உட்கார்ந்து எழுதுகிறேன்.

## எதை வைத்துத் தீர்மானிப்பது

முதலில் நேரம். கெடாவில் அரசாங்க அலுவலகத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் வார விடுமுறை வெள்ளியும் சனியும். பினாங்கில் சனியும் ஞாயிறும். பினாங்கு விகாரைகளில் நிகழ்ச்சிகள் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைதான். எங்கள் ஊர் ஆசிரியருக்கும் கிராணிக்கும் அது வேலை நாள். சின்ன விஷயம் போலத் தெரியும், ஆனால் இரண்டு மாதம் ஞாயிறுதோறும் லீவு போட்டுப் போய்விட்டு மூன்றாம் மாதம் நின்றுபோனவர்கள் எத்தனையோ பேர்.

அடுத்தது செலவு. இந்த நான்கில் எதற்குமே கட்டணம் பெரிய பிரச்சினை இல்லை. பணத்தை விட லீவுதான் கையைக் கடிக்கும். வேலைச் சட்டப்படி இரண்டு வருடத்துக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு ஆண்டு விடுமுறை குறைந்தபட்சம் 8 நாள், இரண்டிலிருந்து ஐந்து வருடம் வரை 12 நாள், அதற்கு மேல் 16 நாள். தீபாவளிக்கும் அம்மாவின் கிளினிக்குக்கும் பிள்ளையின் பள்ளிக்கூட மீட்டிங்குக்கும் இதிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

மூன்றாவது மொழி. சந்தைக்குப் போக மலாய் போதும், ஆபீசுக்கு ஆங்கிலம் போதும். "நெஞ்சுக்குள்ள ஏதோ அடைக்குது, அழுகை வருது, ஏன்னு தெரியலை" என்று சொல்ல நமக்குத் தமிழ்தான் வருகிறது.

வீட்டாரின் சம்மதத்தையும் கணக்கில் வையுங்கள். "இது சீனங்க சாமியாச்சே, சயாமிக்காரங்க சாமியாச்சே" என்று என் அத்தையே கேட்டார். அவரிடம் நான் சொன்னது இதுதான்: ஆயிரம் வருடத்துக்கு முன்னால் கடாரத்து அரசர் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரை எழுப்பினார். அந்தப் புத்தப் பள்ளிக்கு ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாயை எழுதிக்கொடுத்தவர் சிவபக்தரான ராஜராஜ சோழன். கடாரம் என்பது இந்தக் கெடாதான், அந்தக் காலத்துக் கோயில் இடிபாடுகள் இருக்கும் பூஜாங் பள்ளத்தாக்கு நம் வீட்டிலிருந்து மோட்டாரில் போகும் தூரம். நமக்கும் புத்தருக்கும் இடையில் இருந்த பழைய உறவு அறுந்துபோயிருக்கிறது, அவ்வளவுதான். அத்தை பதில் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் அதற்குப் பிறகு நான் உட்காரும் நேரத்தில் டிவி சத்தத்தைக் குறைத்து வைக்க ஆரம்பித்தார்.

கடைசியாக ஒன்று. என் அனுபவத்தில் மற்ற எல்லாவற்றையும் விட இதுதான் பெரியது: தடுமாறும் அன்று கேட்க ஆள் இருக்கிறதா? நான் முதலில் போனது பத்து நாள் முகாமுக்கு. நன்றாகத்தான் நடந்தது. வீட்டுக்கு வந்து காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் என்று வைராக்கியமாக உட்கார்ந்தேன். இரண்டாவது வாரம் ஒரு நாள் கண்ணை மூடினால் பயம் வந்தது. காரணமே இல்லாத பயம், கை குளிர்ந்துவிட்டது. பீடோங்கில் யாரிடம் போய் இதைச் சொல்ல? மறுநாள் உட்காரவில்லை. அப்புறம் இரண்டு வருடம் உட்காரவே இல்லை. அந்த ஒரு நாள் பக்கத்தில் ஒருவர் இருந்து, "அது வரும், போகும், கொஞ்ச நேரம் நடந்துவிட்டு வா" என்று சொல்லியிருந்தால் அந்த இரண்டு வருடம் எனக்கு மிஞ்சியிருக்கும்.

## வீட்டில் தனியாக

இதற்கு வேண்டியது ஒரு மூலை, மடித்துப்போட ஒரு போர்வை, பதினைந்து நிமிடம். மூச்சைக் கவனிப்பது பற்றிய ஆனாபானசதி சூத்திரத்தில் புத்தர் சொல்வது எளிது: காட்டுக்கோ மரத்தடிக்கோ ஆளில்லாத இடத்துக்கோ போய், காலை மடித்து, உடம்பை நேராக வைத்து உட்கார். மூச்சு நீளமாக வந்தால் நீளம் என்று தெரிந்துகொள், குட்டையாக வந்தால் குட்டை என்று தெரிந்துகொள். மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்லவில்லை, அதனால் இது பிராணாயாமம் இல்லை. மூச்சு அதுபாட்டுக்குப் போய் வர, நாம் மூக்கு நுனியில் காவல் இருக்கிறோம். மனசு ஓடினால் எண்ணிக்கை உதவும். புத்த நூல்களுக்கு உரை எழுதியவர், காஞ்சிபுரத்தில் தங்கியிருந்ததைத் தம் உரையில் குறிப்பிடும் புத்தகோசர், ஐந்துக்குக் குறையாமலும் பத்தைத் தாண்டாமலும் எண்ணச் சொல்கிறார். நான் பத்துவரை எண்ணுகிறேன். பல நாள் நாலு தாண்டுவதற்குள் மனசு பசாருக்குப் போய் மீன் விலை கேட்டுவிட்டு வரும். போனது தெரிந்ததும் மறுபடி ஒன்றிலிருந்து.

விடியற்காலை ஐந்து மணி எங்கள் பக்கத்துக்குச் சரியான நேரம். தோட்டத்து லாரி இன்னும் கிளம்பியிருக்காது, செம்பனை மில்லின் வாடை லேசாக இருக்கும், கொசு கொஞ்சம் கடிக்கும். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு அந்த நேரத்தில் எழுவது யாரும் சொல்லித்தர வேண்டியது இல்லை. முழங்கால் வலிக்கிறதென்றால் நாற்காலியில் உட்காரலாம், குறை ஒன்றும் இல்லை.

எவ்வளவு முயற்சி போடுவது என்பதில்தான் தனியாகப் பழகுகிறவர்கள் தவறுகிறார்கள். சோணர் என்ற பிக்கு பாதத்தில் ரத்தம் வரும்வரை நடந்து நடந்து தியானம் செய்தார். அவர் வீணை வாசித்தவர் என்பதால் புத்தர் அவரிடம், தந்தியை மிகவும் முறுக்கினால் நாதம் வருமா, தளர்த்திவிட்டால் வருமா என்று கேட்டார். என் அம்மாவுக்கு வீணை தெரியாது, அவர் உளி பிடித்தவர். ஆழமாக வெட்டினால் மரத்துக்குக் காயம், அந்தப் பட்டை மறுபடி ஒழுங்காக வளராது. மேலாக வெட்டினால் கோப்பையில் பால் விழாது. அந்தப் பதம் கைக்கு வர தினமும் வெட்டியாக வேண்டும் என்பார். ஒரே நாளில் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு ஒரு வாரம் விட்டுவிடுவதை விட தினமும் பதினைந்து நிமிடம் உட்காருவது மேல்.

இதில் மறைந்திருக்கும் செலவு என்ன? யூடியூப். இன்று ஒரு குரு, நாளை ஒரு குரு, மூன்றாம் நாள் குண்டலினி. எதுவும் பழகாது. கம்பாங்கில் முகாம் நடத்தும் கோயங்கா மரபினர் ஆனாபானாவுக்கான, அதாவது மூச்சைப் பார்ப்பதற்கான, சிறு ஒலிப்பதிவைப் பல மொழிகளில் இலவசமாக வைத்திருக்கிறார்கள். ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டு மூன்று மாதம் மாற்றாமல் இருக்க வேண்டும். இன்னொன்று, அசதியில் தூங்கி விழுவதை அமைதி என்று எண்ணிக்கொள்வது. புத்தர் சொன்ன ஐந்து தடைகளில் சோம்பலும் தூக்கமும் ஒன்று. தனியாக இருப்பவருக்கு அதை எடுத்துச்சொல்ல ஆள் இல்லை.

குழந்தை வைத்திருப்பவர்கள், ஷிஃப்ட் மாறி மாறி வருபவர்கள், வீட்டில் படுக்கையில் இருக்கும் ஒருவரைப் பார்த்துக்கொள்பவர்கள், இவர்களுக்கு இதைத் தவிர வேறு வழி சரிவராது.

## பக்கத்துச் சயாமியக் கோயில்

கெடாவில் சயாமியக் கோயில்கள் நிறைய. நாம் அவற்றைக் கடந்துதான் வேலைக்குப் போகிறோம், உள்ளே போவதில்லை. எனக்கும் முதல் தடவை வாசலில் நின்றபோது உள்ளே போகத் தயக்கமாக இருந்தது. ஒரு பாட்டி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். "மாசுக்லா, ஆடிக்" (உள்ளே வா, தங்கச்சி) என்று மலாயில் கூப்பிட்டார். போனேன்.

சயாமியப் பிக்குகள் பலர் சொல்லித்தருவது "புத்தோ" முறை. மூச்சு உள்ளே போகும்போது "புத்", வெளியே வரும்போது "தோ". முருகா முருகா என்று சொல்லிப் பழகிய நாக்குக்கு இது சட்டென்று ஒட்டிக்கொள்ளும். பேச்சு மலாயில் நடக்கும். பிக்குவுக்கும் மலாய் தாய்மொழி இல்லை, நமக்கும் இல்லை. அதனாலேயே இருவரும் சின்னச் சின்ன வாக்கியமாகப் பேசுவோம். பயம் வருகிறது என்று நான் சொன்னபோது அவர் கேட்டது ஒரே கேள்வி: "உடம்பில் எங்கே?" நெஞ்சு என்றேன். "அங்கே பாரு, அதோடு சண்டை போடாதே, முடியலைன்னா கண்ணைத் திற" என்றார். இரண்டு வருடம் எனக்குக் கிடைக்காத பதில் அது.

சில விஷயங்கள் தெரிந்துகொண்டு போங்கள். தோளும் முழங்காலும் மூடிய உடை. புத்தர் சிலையின் பக்கம் காலை நீட்டக் கூடாது. பெண்கள் பிக்குவைத் தொடுவதோ கையிலிருந்து கைக்கு நேராகப் பொருள் கொடுப்பதோ கூடாது, துணியில் வைத்தோ ஓர் ஆண் வழியாகவோ கொடுக்கலாம். சாப்பாடு கொண்டுபோனால் மதியத்துக்கு முன்னால் போய்விட வேண்டும், அதற்குப் பிறகு அவர்கள் உண்பதில்லை. அங்கே அசைவமும் இருக்கும். சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு இது முதலில் உறுத்தும். சீனர்களின் மஹாயானக் கோயில்களில் சைவம்தான், ஆனால் அங்கே ஓதுவது பெரும்பாலும் மாண்டரினிலும் ஹொக்கியனிலும் நடப்பதால் நமக்குப் பிடி கிடைப்பது கஷ்டம்.

எல்லாக் கோயிலிலும் தியானம் சொல்லித்தரும் பிக்கு இருப்பார் என்று சொல்ல முடியாது. சில இடங்களில் சடங்கும் தாயத்தும் மட்டும்தான். இரண்டு மூன்று கோயில் ஏறி இறங்க வேண்டியிருக்கும். பிக்கு வேறு ஊருக்கு மாறிப்போய்விட்டால் மறுபடி தேட வேண்டும். பணமாக எதுவும் கேட்க மாட்டார்கள், ஆனால் வெறுங்கையோடு போவது நம் வழக்கமும் இல்லை. அரிசியோ பழமோ கொண்டுபோனால் போதும்.

## பினாங்கில் மஹாசி முறை

பர்மாவின் மஹாசி சயாடோ (1904–1982) பரப்பிய முறை இது. வயிறு எழும்புவதையும் தாழ்வதையும் பார்த்து மனதுக்குள் குறிப்பு எடுக்க வேண்டும். வலி வந்தால் "வலி", நினைப்பு வந்தால் "நினைப்பு". உட்காருவதும் நடப்பதும் மாறி மாறி வரும். நடக்கும்போது தூக்குவது, நகர்த்துவது, வைப்பது என்று ஒவ்வொரு அடியையும் பார்க்க வேண்டும். பினாங்கில் ஜாலான் மஸ்ஜித் நெகிரியில் இருக்கும் மலேசிய பௌத்த தியான மையம் இந்த மரபைச் சேர்ந்தது.

ஆரம்பத்தில் நான் ஆங்கிலத்தில் "ரைசிங், ஃபாலிங்" என்று குறிப்பெடுத்தேன். சொல் ஒரு பக்கம், வயிறு ஒரு பக்கம். மூன்றாம் நாள் தானாக "ஏறுது... இறங்குது" என்று வந்தது. அன்றைக்குத்தான் சொல்லும் வயிறும் சேர்ந்தன. போகிறவர்கள் முதல் நாளிலிருந்தே தமிழில் குறிப்பெடுங்கள்.

இந்த முறையின் பெரிய பலம் ஆசிரியரோடு நடக்கும் நேர்காணல். என்ன தெரிந்தது, எவ்வளவு நேரம், பிறகு என்ன ஆனது என்று கேட்டு வழி சொல்வார்கள். ஆனால் அது ஆங்கிலத்திலோ சீனத்திலோதான் எதிர்பார்க்கலாம். ஆங்கிலம் தட்டுத்தடுமாறுகிறவர்கள் சொல்ல நினைப்பதை முதல் நாள் இரவே மனதில் ஓட்டிப் பார்த்துக்கொள்வது நல்லது. முகாமில் எட்டுச் சீலம், அதாவது எட்டு ஒழுக்க விதிகள். அதில் ஒன்றின்படி மதியத்துக்குப் பிறகு உணவு கிடையாது.

பயணம் எளிது. சுங்கைப்பட்டாணியில் கொமுட்டர் ஏறி பட்டர்வொர்த், அங்கிருந்து ஃபெரி. தங்க முடியாதவர்களுக்கு 1918இல் தொடங்கிய மகிந்தராமா விகாரையும் பினாங்கில் இருக்கிறது, சிங்கள மரபு. பிள்ளைகள் கோலாலம்பூரில் இருந்தால் பிரிக்ஃபீல்ட்ஸ் மகா விகாரையைப் பார்த்துவிட்டு வாருங்கள். நம் பூக்கடைக்கும் துணிக்கடைக்கும் அவ்வளவு பக்கத்தில் இருக்கிறது. இலங்கைப் பிக்கு டாக்டர் கே. ஸ்ரீ தம்மானந்தா 1952இல் வந்து 2006இல் மறையும்வரை தொண்டாற்றிய இடம்.

## கம்பாங்கில் பத்து நாள்

பர்மாவின் மாண்டலேயில் பிறந்த இந்தியரான எஸ். என். கோயங்கா (1924–2013), பர்மிய ஆசிரியர் சயாஜி ஊ பா கினிடம் கற்றுக்கொண்டு 1969இல் இந்தியாவுக்குக் கொண்டுவந்த முறை. மலேசியாவில் அதன் மையம் குவாந்தானுக்குப் பக்கத்தில் கம்பாங்கில் இருக்கிறது.

காலை நாலு மணிக்கு மணி அடிக்கும். நாலரைக்கு முதல் அமர்வு. இரவு ஒன்பதரைக்கு விளக்கணைப்பு. ஒரு நாளில் பத்து மணி நேரத்துக்கு மேல் உட்காருவதற்கே ஒதுக்கியிருக்கிறார்கள். பத்தாம் நாள் காலைவரை மௌனம், கைபேசியை முதல் நாளே ஒப்படைத்துவிட வேண்டும். முதல் மூன்றரை நாள் மூச்சு, அதற்குப் பிறகு உடம்பெங்கும் உணர்ச்சிகளைப் பார்ப்பது, கடைசியில் மெத்தா, அதாவது எல்லாரும் நலமாக இருக்க நினைக்கும் அன்புத் தியானம். சாப்பாடு, தங்குமிடம் எல்லாம் இலவசம். ஒரு முகாமை முடித்தவர்களிடம் மட்டுமே தானம் வாங்குகிறார்கள். அந்தக் கடைசி நாள் காலை என் மனது இருந்த சுத்தம் அதற்கு முன்னால் எனக்குத் தெரிந்ததில்லை. இன்றும் அதை நினைத்தால் நன்றியாக இருக்கிறது.

இருந்தாலும் கணக்கைச் சொல்லியாக வேண்டும். வரும் நாள், போகும் நாள் சேர்த்துப் பன்னிரண்டு நாள். வாரம் ஐந்து நாள் வேலை என்றால் குறைந்தது எட்டு நாள் லீவு போகும், ஆறு நாள் வேலை என்றால் பத்து. எங்கள் ஊரிலிருந்து ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம். முடிந்து வந்த பிறகு தினமும் இரண்டு மணி நேரம் உட்காரச் சொல்கிறார்கள். விண்ணப்பிக்கிறவர்கள் இதைத்தான் யோசிப்பதே இல்லை.

அங்கே இருக்கும் பத்து நாளும் வேறு வழிபாடு எதுவும் கூடாது. மந்திரம், ஜெபமாலை, ஊதுபத்தி, விரதம் எல்லாவற்றையும் நிறுத்திவைக்க வேண்டும், தாயத்தும் கொண்டுபோகக் கூடாது. வீட்டுக்கு வந்ததும் நம் சாமி நம் சாமிதான், அதை யாரும் தடுப்பதில்லை. ஆனால் சுங்கைப்பட்டாணி தைப்பூசத்துக்குக் காவடி நேர்ந்துகொண்டு விரதத்தில் இருப்பவர்கள் அந்தச் சமயத்தில் போகாதீர்கள், இரண்டும் இடிக்கும்.

இனிப்புநீர் உள்ளவர்கள் கவனிக்க வேண்டியது: ஆறரைக்குக் காலை உணவு, பதினொன்றுக்கு மதிய உணவு, மாலை ஐந்துக்குப் புதியவர்களுக்குத் தேநீரும் பழமும், அவ்வளவுதான். ஊசியோ மாத்திரையோ எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்டு, விண்ணப்பத்திலும் எழுத வேண்டும். மனநலச் சிகிச்சையில் இருப்பவர்களும், அண்மையில் பெரிய இழப்பைச் சந்தித்தவர்களும் அவசரப்பட வேண்டாம். விண்ணப்பத்தில் மனநலம் பற்றிக் கேட்பது நம் நன்மைக்குத்தான், மறைக்காதீர்கள். யாரும் தியானத்தை நம்பி மாத்திரையை நிறுத்தவும் வேண்டாம். தமிழ் ஒலிப்பதிவு வேண்டும் என்றால் விண்ணப்பிக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். ஊருக்குப் போகிறவர்களுக்குச் சென்னையில் தம்ம சேது மையத்தில் தமிழிலேயே முகாம் நடக்கிறது.

## ஒரே பார்வையில்

| வழி | நேரம் | உண்மையான செலவு | மொழி | தடுமாறினால் கேட்க ஆள் |
|---|---|---|---|---|
| வீட்டில் | தினமும் 15 நிமிடம் | அலைபாயும் மனசு, யூடியூப் | தமிழ் | இல்லை |
| சயாமியக் கோயில் | வாரம் ஒரு மாலை | தகுந்த பிக்குவைத் தேடும் அலைச்சல் | மலாய் | உண்டு, பக்கத்திலேயே |
| பினாங்கு | தொடர்ந்து சில நாள் | லீவு, ஞாயிறு வேலை நாள் | ஆங்கிலம், சீனம் | முகாமில் நன்றாக உண்டு |
| கம்பாங் | 12 நாள், பிறகு தினம் 2 மணி | ஆண்டு விடுமுறையில் எட்டுப் பத்து நாள் | ஆங்கிலம், கேட்டால் ஒலிப்பதிவு | முகாமில் உண்டு, ஊரில் இல்லை |

## அந்த இரண்டு பேருக்கு

தம்பியிடம் இப்போது வேண்டாம் என்றேன். வேலைக்குச் சேர்ந்து ஒன்றரை வருடம்தான், எட்டு நாளும் போய்விட்டால் தீபாவளிக்கு ஒரு நாள் கூட மிஞ்சாது. முதலில் மூன்று மாதம் வீட்டில் உட்காருங்கள், இரவு ஷிஃப்ட் வாரத்தில் தூங்கி எழுந்ததும் உட்காருங்கள், ஓய்வு நாளில் என்னோடு கோயிலுக்கு வாருங்கள் என்றேன். அந்த மூன்று மாதம் நின்றால் அடுத்த வருடம் கம்பாங்குக்குத் தாராளமாகப் போகலாம். அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். சரி என்றார்.

அந்த அம்மாவுக்கு மூச்சை விட மெத்தாவில் தொடங்குவது நல்லது என்று எனக்குப் பட்டது. "நான் நலமாக இருக்கணும், என் மனசு அமைதியாக இருக்கணும்" என்று தனக்கே முதலில் சொல்லி, அப்புறம் பிள்ளைகளுக்கு, பக்கத்து வீட்டாருக்கு, பிடிக்காதவர்களுக்கும் என்று விரித்துக்கொண்டே போவது. போன வெள்ளிக்கிழமை மாலை என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து சொன்னார். தனக்குச் சொல்லும் இடத்தில் நின்றுவிட்டார். "மத்தவங்களுக்குச் சொல்ல வருது பிள்ளை. எனக்குன்னு சொல்ல வரலையே, அது ஏன்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அடுத்த வெள்ளி சயாமியக் கோயிலுக்குப் போய்ப் பிக்குவிடம் கேட்கலாம் என்று வைத்திருக்கிறோம். அவர் சொல்வதை மலாயிலிருந்து தமிழில் சொல்ல நான் கூட இருப்பேன். அம்மா வாழைப்பழம் ஒரு சீப்பு எடுத்துவைத்துவிட்டார்.